விளக்குத் தீவில் ஒரு நண்டு

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'சீனியர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடம் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரின் உச்சியில் நீளமாக ஒரு ஜன்னல். அதில் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். காலை முழுக்க ரத்தக் குழாய்கள் வந்து குவியும், சுழல் மெஷின் விர்ரென்று ஓடும், அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணிக்கொண்டிருப்பாள். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள். யாரும் கேட்காவிட்டால் அந்த நாள் அப்படியே பேச்சில்லாமல் கழிந்துவிடும்.

நாற்பது தாண்டியவள், முன்தலையில் நரை, தனிக்கட்டை. இப்படிப்பட்டவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிய கையோடு வீடியோ கேம் ஆட உட்கார்ந்துவிடுவாள் என்று சொன்னால் கூடத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவளும் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

பழக்கம் அப்பாவால் வந்தது. தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்து அவன் மூட்டை கட்டியபோது கேம் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். வித்துடாதே அக்கா, வந்து எடுத்துக்கிறேன் என்றான். எடுக்க வரவேயில்லை. அந்த வருஷமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஒரே இடத்தில் படுத்துக்கிடப்பது அவருக்குப் பெரிய தண்டனை. வீட்டுக் கூடத்தில் டிவிக்கு எதிரே கட்டிலைப் போட்டாள். நாடகம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், செய்தி போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் தம்பியின் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்ததில் அட்டையில் லாரிப் படம் இருந்த கேமைப் போட்டாள்.

மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டும் கேம் அது. அவளுக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. லாரி நேராகப் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. முதல் ஓட்டம் முடிந்ததும் கேம் பெயர் கேட்டது. 'நண்டு' என்று போட்டாள்.

அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்தார். வளைவு வரும்போது இடது கையை லேசாகத் தூக்குவார். பிரேக் பிடி என்று அர்த்தம். விரலை மடக்கினால் கியரை மாற்று. குறுகலான பாலத்தை உரசாமல் தாண்டிவிட்டால் தொண்டைக்குள் 'ம்' என்பார். ஒரு தடவை சர்க்கரை மூட்டை லோடோடு வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டாள். அப்பா சிரித்தார். கோணிய வாயோடு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அவர் போன பிறகு அந்த கேமை அவள் தொடவில்லை. ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்த கேம் எது என்று யாராவது கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வீடு காலியான பிறகு வேறு கேம்களை வாங்கிப் பார்த்தாள். கத்திச் சண்டை அவளுக்கு ஒத்துவரவில்லை. பூதம் தன்பாட்டுக்குக் குகையில் உட்கார்ந்திருக்கிறது, நாம் எதற்கு வேலை மெனக்கெட்டுப் போய் அதை வெட்டணும் என்று தோன்றியது. ஓட்டல் சமையலறை நடத்தும் கேம் ஒன்று இருந்தது. ஆர்டர் மேல் ஆர்டர் வரும், தாமதமானால் வாடிக்கையாளர் முகம் சிவக்கும். ஆஸ்பத்திரியில் வாங்குவது போதாதா என்று இரண்டாம் நாளே மூடிவைத்தாள். தோட்டம் போடும் கேம் பிடித்திருந்தது. ஆனால் காய்ச்சல் சீசனில் ராத்திரி பகலாக வேலை வந்து கொஞ்ச நாள் திறக்காமல் விட்டபோது செடியெல்லாம் வாடிக் கருகிக் கிடந்தது. டிவிக்குள்ளும் ஒருவர் தன்னை நம்பிப் படுத்திருப்பது மாதிரி இருக்கவே அதையும் விட்டுவிட்டாள். கடைசியில் அவளுக்கென்று வாய்த்தது 'விளக்குத் தீவு'.

அதில் கடல் முழுக்க இருட்டு. அங்கங்கே தீவுகள். ஒவ்வொன்றிலும் அணைந்துபோன ஒரு கலங்கரை விளக்கம். படகில் போய் அதை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். படகுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான் பிடித்தால் மற்றவர் விளக்கைப் பிடிக்கணும். இரண்டாவது ஆள் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் வரலாம். பேச முடியாது, எழுதவும் முடியாது. விளக்கை மினுக்கலாம், மணியை அடிக்கலாம். அவளுடைய படகுக்கு வந்து சேர்ந்த ஆள் 'தவளை' என்ற பெயர் வைத்திருந்தது. ஆணா பெண்ணா, கிழமா குமரா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அதனால் மனதுக்குள் அவள் அதை 'அது' என்றே சொல்லிக்கொண்டாள்.

நாலைந்து வருஷம் அவர்கள் ஒன்றாகப் படகு ஓட்டினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டு உட்காரும் நேரத்துக்குத் தவளையும் வந்துவிடும். போகப் போக ஒரு பாஷையே உண்டாயிற்று. இரண்டு மினுக்கு என்றால் வா. மூன்று என்றால் அங்கே பார். நீளமாக ஒன்று என்றால் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். தவளைக்கு மணி அடிப்பதில் ஒரு பைத்தியம். தீவு கண்ணில் பட்டுவிட்டால் போதும், விடாமல் அடித்துத் தள்ளும். அவள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்வாள். கூடப் பிறந்த தம்பியோடு பேசாத நாட்கள் இருந்தன, தவளையோடு மினுக்காத நாள் அநேகமாக இல்லை.

பிறகு கை போனது. முதலில் காலையில் எழுந்ததும் விரல்கள் மரத்துக்கிடக்கும். பல் துலக்கும்போது பிரஷ் நழுவும். வேலை அதிகம் என்று நினைத்தாள். கட்டைவிரல் மூட்டு வீங்கியதும் டாக்டரிடம் காட்டினாள், அவர் ரத்தம் பார்க்கச் சொன்னார். ரத்தம் பார்ப்பது யார்? அவள்தான். ரத்தம் எடுக்கும் ஆளை எல்லோரும் ஊசிக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் கையை நீட்டினாள். குழாயை அவளே எடுத்துவந்து, அவளே மெஷினில் வைத்து, திரையில் வந்த எண்ணை அவளே பார்த்தாள். முடக்குவாதம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. அறிக்கையின் அடியில் பரிசோதித்தவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த குழாயை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தையின் ஷூ ஒன்று கழன்று அங்கேயே கிடந்தது.

மாத்திரை சாப்பிட்டாள். வலி மட்டுப்பட்டது, விரல் பழையபடி மடங்கவில்லை. விளக்குத் தீவில் ஒரு திருப்பத்துக்கு இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தணும், கூடவே இன்னொரு கட்டைவிரலால் குமிழைத் தள்ளணும். அவளால் முடியவில்லை. படகு பாறையில் மோதும், தவளை பொறுமையாகத் தள்ளிவிடும், மறுபடி மோதும். தவளை இரண்டு மினுக்கு மினுக்கும், வா. அவள் வர முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்பாள். கை வலிக்கிறது என்று சொல்வதற்கு அந்த பாஷையில் வார்த்தை இல்லை. ஒரு சாயங்காலம் பெட்டியை அணைத்தவள் மறுபடி போடவில்லை.

அப்புறம் வந்த இரண்டு வருஷமும் மற்றவர்கள் விளையாடுவதை ஃபோனில் பார்த்தே கழிந்தது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு தீவைத் தேடி அலைவார். அவளுக்கு வழி தெரியும். இடது பக்கம் திரும்பு, இடது பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வாள். அது அவருக்குக் கேட்கவா போகிறது. மருத்துவர் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். போகவில்லை. தலை வார முடிகிறது, குழாயைத் திறக்க முடிகிறது, மைக்ராஸ்கோப்பைத் திருகவும் எப்படியோ முடிகிறது, இதற்கு மேல் இந்தக் கையை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று இருந்துவிட்டாள்.

அந்த நல்ல செய்தி ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் வந்தது. ரொட்டியை மென்றுகொண்டே ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விளக்குத் தீவு செய்த சின்ன கம்பெனி பல வருஷமாகப் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்தது, மூடிவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு. அவர்கள் வாய் திறந்திருந்தார்கள். இரண்டாம் பாகம் வருகிறது. பழைய கடலோடு புதிய தீவுகள், துணை இல்லாதபோது தனியாகவும் படகு ஓட்டலாம். அதற்குக் கீழே ஒரு வரி: ஒற்றைக் கையால் விளையாடலாம், காலால் விளையாடலாம், ஒரே ஒரு பட்டனை வைத்துக்கொண்டும் முழுக் கடலையும் சுற்றி வரலாம்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு நர்சுகள் விடுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு டாக்டர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது ஊசிக்காரர்தான் முதலில் கவனித்தார்.

"என்ன சீனியர், முகத்துல ஒரு களை தெரியுது. வீட்ல ஏதாவது விசேஷமா?"

"ஒரு கேம் வரப்போகுது."

"கேமா? ஓ, தம்பி பையனுக்கா?"

தம்பிக்கு இரண்டும் பெண்கள். இருந்தாலும் அவள், "ஆமா," என்றாள்.

"இந்தக் காலத்துப் பசங்க அதுலயே கிடக்குதுங்க," என்று அவர் குழாய்களை வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பிக்கு ஃபோன் செய்தாள். அவன் எடுத்த எடுப்பில் கை எப்படி இருக்கு என்று கேட்டான். தனியாக இருந்து அவதிப்படாமல் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னான், மாடியில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றான். நல்லவன்தான். அவள் நடுவில் புகுந்து, உன் பெட்டியில் நான் விளையாடுவேனே, அந்தப் படகு கேம், அதன் அடுத்த பாகம் வரப்போகிறது என்றாள். தம்பி, "அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா அக்கா?" என்று கேட்டான். ஓடுது என்றாள். பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

ஆனால் மறுவாரமே பிசியோதெரபிக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கையால் உங்களுக்கு முக்கியமாக எதைச் செய்யணும் என்று கேட்டாள். சிலர் பேரனைத் தூக்கணும் என்பார்களாம், சிலர் சட்டைப் பொத்தான் போடணும் என்பார்களாம்.

"படகு ஓட்டணும்," என்றாள் சீனியர்.

"சொந்தப் படகா?"

"இல்ல. டிவியில."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எத்தனை பட்டன்?" என்று கேட்டாள். வெகுநாளைக்குப் பிறகு யாரோ தன்னிடம் ஒரு உருப்படியான கேள்வி கேட்டது மாதிரி சீனியருக்கு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். கை முடியாதவர்களுக்கென்று உள்ளங்கையால் தட்டும் பெரிய பட்டனும் காலால் மிதிக்கும் பெடலும் கிடைக்கும் என்றாள் அந்தப் பெண், அவற்றை எங்கே வாங்குவதென்றும் சொன்னாள்.

அங்கே பயிற்சிக்கு முன்னால் கையை உருகிய வெதுவெதுப்பான மெழுகில் முக்கி எடுப்பார்கள். மெழுகு உறைந்ததும் துண்டால் சுற்றி உட்காரவைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஃபோனையும் பார்க்க முடியாது, புத்தகத்தையும் புரட்ட முடியாது. பக்கத்து நாற்காலியில் அதே மாதிரி துண்டு சுற்றிய கைகளோடு ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருப்பாள். நாற்பது வருஷம் மெஷின் மிதித்தவள், இப்போது ஊசி கோக்க வரவில்லை. பேச்சுக்குக் குறைச்சலில்லாதவள். மருமகளில் ஆரம்பித்து மாடிப்படி ஈரம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு ஒரு நாள், "நீங்க ஏன் வாயே திறக்கிறதில்ல?" என்று கேட்டாள். சீனியர் வேறு விஷயம் இல்லாமல் விளக்குத் தீவைப் பற்றிச் சொன்னாள். தையல்காரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "துணிமணி எல்லாம் போட்டிருக்காங்களா அதுல?" என்றாள். மழைக்கோட்டு போட்டிருப்பார்கள் என்று சீனியர் சொன்னாள். தையல் எப்படி என்று தையல்காரம்மா கேட்டாள். அதை இதுவரை கவனித்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கேம் சொன்ன தேதிக்கு வரவில்லை. தள்ளிவைத்திருக்கிறோம், மன்னிக்கவும் என்றார்கள். பிறகு இன்னொரு தடவையும் தள்ளிவைத்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாலும் அதற்காக முகம் தொங்கிய ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். இருந்தாலும் மெழுகுக்குப் போவதை நிறுத்தவில்லை. ரப்பர் பந்தைப் பிசைந்தாள், மேஜையில் விரல்களை நடக்கவிட்டாள். பெடலை வாங்கி வைத்து, பெட்டியைப் போடாமலே வலது காலால் மிதித்துப் பழகினாள்.

கடைசியில் கேம் வந்தது ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து உள்ளங்கைப் பட்டனை மடியிலும் பெடலைக் காலடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடல் திரையில் விரிந்தது. பழைய இருட்டுதான், அலைச் சத்தம் மட்டும் இன்னும் கிட்டத்தில் கேட்டது. உள்ளங்கையால் தட்டினாள், படகு நகர்ந்தது. மிதித்தாள், திரும்பியது. பாறை வந்தது, சுற்றிக்கொண்டு போனாள். அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் தீவுக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியபோதுதான் அழுதிருப்பது தெரிந்தது.

பழைய துணையைக் கூப்பிட இரண்டாம் பாகத்தில் வழி இருந்தது. தவளையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். சிலர் அவசரக்காரர்கள், சிலர் பாதிக் கடலில் விட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். திங்கட்கிழமை ஊசிக்காரர், தம்பி பையனுக்கு அந்த கேம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"எனக்குத்தான் வாங்கினேன்," என்றாள்.

அவர் கையிலிருந்த குழாய்த் தட்டை மேஜையில் வைத்தார். "அதுல என்ன பண்ணணும்?"

"விளக்கு ஏத்தணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவளுக்கு ஏனோ மனசு லேசாக இருந்தது.

புதிய பாகத்தில் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதி பாட்டிலில் போட்டுக் கடலில் விடலாம். சில வாரம் கழித்து அவளுடைய கரையில் ஒரு பாட்டில் ஒதுங்கியிருந்தது. தவளையிடமிருந்து. அவள் பார்த்தேயிராத எழுத்து. ஃபோனை அதன் மேல் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னாள். ஃபோன் இப்படிச் சொன்னது: "நான் பாறை பக்கத்தில் பல மாலைகள் நின்றேன். நீ கோபமா அல்லது நீ இறந்தாயா?"

அத்தனை வருஷத்தில் தவளை அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. ஒரு வரிதான் எழுத முடியும். கோபமில்லை, கை வலித்தது என்று எழுதிக் கடலில் விட்டாள். மறுநாள் பதில் வந்தது. இப்போது வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, நேரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியும் என்று அதற்கு அர்த்தம்.

அந்த ஞாயிறு காலை தவளை வந்தது. நண்டு சுக்கான் பிடித்தது, தவளை விளக்கைப் பிடித்தது. தீவு கண்ணில் பட்டதும் மணியை அடித்துத் தள்ளியது. ஒரு விளக்கை ஏற்றினார்கள், இரண்டாவதுக்குப் போகும் வழியில் தவளை நீளமாக ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மறைந்தது. குழந்தை விழித்துக்கொண்டது போலும். அதற்கப்புறம் அது எப்போதாவதுதான் வந்தது. வரும் என்று சில ஞாயிறுகள் அவள் காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதை விட்டாள். அது உயிரோடு இருக்கிறது, தான் உயிரோடு இருப்பது அதற்குத் தெரியும். அதற்கு மேல் கேட்பது பேராசை என்று தோன்றியது.

மழைக்காலம் முடிந்ததும் அவளுடைய பயிற்சியும் முடிந்தது. கடைசி நாள் மெழுகை உரித்துக்கொண்டே தையல்காரம்மா, அந்த மழைக்கோட்டை ஒரு நாள் பார்க்கணுமே என்றாள். வாங்களேன் என்று சீனியர் பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த ஞாயிறு மத்தியானம் தையல்காரம்மாவை அவளுடைய மகன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குள் உட்கார்வதற்கென்று வந்த ஆள் அவள்தான். சீனியர் டீ போட்டாள். படகை ஓட்டிக் காட்டினாள். தையல்காரம்மா திரைக்குக் கிட்டே போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு, தோள்பட்டை சரியா உட்காரல என்றாள். உள்ளங்கைப் பட்டனை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள், படகு பின்னால் போனது, எனக்கு இதெல்லாம் வராதும்மா என்று திருப்பிக் கொடுத்தாள். நீ ஓட்டு, நான் பார்க்கிறேன் என்று சோபாவில் சாய்ந்தாள்.

சீனியர் ஒரு பெரிய தீவை நோக்கிப் படகைத் திருப்பினாள். வழியில் வருகிற சுழலைப் பற்றியும் அதை எந்தப் பக்கமாகத் தாண்டணும் என்பதைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பதில் வராமல் திரும்பிப் பார்த்தபோது தையல்காரம்மா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். வளைந்த விரல்கள் வயிற்றின் மேல் கிடந்தன.

சீனியர் எட்டி ரிமோட்டை எடுத்து அலைச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சுழலின் ஓரமாக, மெதுவாக, படகை விட்டாள்.